கொடுத்த பதவியைத் திரும்பக் கேட்கலாமா?

நான்கு ஆண்டுகளுக்கென்று வாக்களித்து ஒருவரை நாற்காலியில் அமர்த்திய ஊர், இரண்டாம் ஆண்டிலேயே அவரை எழுந்திருக்கச் சொல்வது நியாயமா? வாக்குறுதிக்குப் பதவியில் இருப்பவர் கட்டுப்பட்டவர் என்றால், போட்ட வாக்குக்கு மக்களும் கட்டுப்பட்டவர்கள் இல்லையா? திரும்ப அழைக்கும் உரிமையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் பெரிய பதவிகளைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியின் கனம் முழுதாகத் தெரிவது சிறு நகரங்களில்தான். பதவியில் இருப்பவரும் அவரை இறக்க நினைப்பவரும் அங்கே ஒரே தெருவில் குடியிருப்பவர்கள்.

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டி பெல் என்றொரு நகரம் இருக்கிறது. பரப்பளவு இரண்டரைச் சதுர மைல். 2010-இல் மக்கள் ஏறத்தாழ 35,000 பேர். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பத்தினர். 2010 ஜூலையில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழ் அந்த ஊர் அதிகாரிகளின் சம்பளக் கணக்கை வெளியிட்டது. நகர நிர்வாகி ராபர்ட் ரிசோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க அதிபருக்கே 4,00,000 டாலர்தான். நகர்மன்ற உறுப்பினர் என்பது பகுதிநேரப் பொறுப்பு. அதற்கு ஐவரில் நால்வர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் அளவில் பெற்றுவந்தார்கள். மக்கள் நகர்மன்றக் கூட்டத்தில் திரண்டார்கள், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 2011 மார்ச் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் மேயர் உட்பட மூவர் பதவி இழந்தார்கள். வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவர்களை நீக்கச் சொன்னார்கள்.

அந்த மூவர்மீதும் அப்போது குற்றவழக்கு இருந்தது, தீர்ப்பு வரவில்லை. தீர்ப்புக்கு முன்பே தண்டிப்பதா என்று கேட்கலாம். பதவி பறிபோவதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் பதவி யாருக்கும் சொந்தச் சொத்து அல்ல. ஊர்ப் பணத்தைக் கையாளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தவர்களுக்கு, நம்பிக்கை போனபின் அதைத் திரும்பக் கேட்க நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. சிறைக்கு அனுப்பத்தான் ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும்.

இந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு. மன்றத்தின் இன்னோர் உறுப்பினர் எதிர்ப்பு வலுத்த நாட்களில், 2010-இலேயே பதவி விலகினார். 2013-இல் நடுவர் குழு அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. ஐந்தாமவர் ஆண்டுக்கு எட்டாயிரம் டாலர் அளவே வாங்கியவர். அவர்மீது வழக்கே இல்லை. 2011 மார்ச் தேர்தலில் அவரும் தோற்றார். ஊரின் கோபம் ஆளாளுக்கு அளந்து விழுவதில்லை. இதற்காகத் திரும்ப அழைக்கும் உரிமையே வேண்டாம் என்பது மிகை. ஆனால் அதைக் கையில் எடுப்பவர்கள் இந்த இருவரை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

மக்களின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். கலிஃபோர்னியா நகரங்களின் மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டத்தில் வரம்பு உண்டு. தனிச் சாசனம் வைத்திருக்கும் நகரங்களுக்கு அது பொருந்தாது. 2005-இல் பெல் நகரம் தனிச் சாசனத்துக்கு மாறியது. அந்தச் சிறப்புத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. குடியுரிமை இல்லாததால் வாக்களிக்க முடியாதவர்கள் அந்த ஊரில் ஏராளம் என்பது உண்மை. வாக்கிருந்தும் வராதவர்களும் இருந்தார்கள். அப்படியானால் அவர்கள் கோபப்படும் தகுதியை இழந்துவிட்டார்களா? இல்லை. ஊர்க்காரர் ஒருவர் சம்பள விவரம் கேட்டபோது பொய்த் தொகை எழுதிய தாளை நகராட்சி கொடுத்திருக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தவருக்கும் காட்டப்பட்டது பொய் என்றால், மக்களின் அசட்டையைச் சுட்டி ஆட்சியாளர் தப்பிக்க முடியாது.

எல்லை எங்கே என்பது இங்கிருந்து தெளிவாகிறது. வரியை உயர்த்தினார், சாலையை மாற்றினார், பிடிக்காத தீர்மானத்துக்குக் கை தூக்கினார் என்பவை இடையில் இறக்கக் காரணமாகா. வெளிப்படையாக முடிவெடுத்தவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். அதற்குள் இறக்குவோம் என்று மிரட்டினால், கசப்பான முடிவை எடுக்கும் துணிவே யாருக்கும் வராது. தீர்மானிக்கத் தேவையான உண்மையையே மக்களிடமிருந்து மறைத்தவர் வேறு. அவருக்குப் பதவிக்கால முழுமையைக் கோரும் உரிமை கிடையாது.

இந்தியாவிலும் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் காலி நாற்காலி, ஆள் அமர்ந்த நாற்காலி என்ற இரண்டு சின்னங்களை வைத்து நகராட்சித் தலைவர்களின் நிலையை வாக்காளர்களே தீர்மானித்திருக்கிறார்கள். சத்தீஸ்கரில் 2008-இல் மூன்று சிறு ஊர்களின் தலைவர்கள் இப்படிப் பதவி இழந்தார்கள். அங்கே வாக்கெடுப்பைத் தொடங்கிவைக்க நான்கில் மூன்று பங்கு மன்ற உறுப்பினர்கள் முன்வர வேண்டியிருந்தது. தலைவரோடு பகை கொண்ட உறுப்பினர்கள் கூடினால் அது மக்கள் கோபத்தின் பெயரில் நடக்கும் கட்சிச் சண்டையாகிவிடும். கலிஃபோர்னியாவைப் போலக் கையெழுத்து மக்களிடமிருந்து வருவதே நேர்மையான வழி.

பெல் விவகாரம் வெடித்த பிறகு கலிஃபோர்னியாவின் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங், உள்ளாட்சி அதிகாரிகளின் சம்பளத்தைப் பொது இணையதளத்தில் வெளியிடச் செய்தார். அந்தப் பட்டியல் 2005-லேயே இருந்திருந்தால், பெல் மக்கள் வழக்கமான தேர்தலிலேயே கணக்கைத் தீர்த்திருக்க முடியும்.