உடனே கிடைக்கும் கூலியும் தாமதித்துக் கிடைக்கும் கூலியும்

சம்பளம் வாங்கிய கையோடு அதை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையாகக் கடைத்தெருவுக்குப் போகிறவன் வீண்செலவு செய்யவில்லையென்றால், அது பொறுமையா, இயலாமையா? வழியை அடைத்துவிட்டு ஒதுங்கியவனுக்கு என்ன சிறப்பு என்று கேட்போர் உண்டு. தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வியல்ல இது.

1961-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மனநூல் அறிஞர் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன், பசித்த புறாக்களுக்கு முன் இரண்டு பொத்தான்களை வைத்துப் பார்த்தார். ஒன்றைக் கொத்தினால் சராசரியாக இரண்டேகால் நிமிடத்திற்கு ஒரு தடவை தானியம் வரும். மற்றதில் நாலரை நிமிடத்திற்கு ஒரு தடவை. புறா ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. கூலி வந்த விகிதத்திலேயே ஏறத்தாழத் தன் கொத்தல்களையும் பங்கிட்டுக்கொண்டது. (நமக்கு எதில் ஆசை அதிகம் என்பதை நம் வாயைவிட, நம் ஒரு நாள் பொழுது பங்காகும் விதமே சரியாகச் சொல்லும் போலும்!)

ஆனால், நம் கேள்விக்கு நெருக்கமானது 1972-ல் ஹோவர்ட் ராக்லின், லியோனார்ட் கிரீன் இருவரும் வெளியிட்ட சோதனையே. உடனே 2 விநாடி தானியம். அல்லது 4 விநாடி பொறுத்தால் 4 விநாடி தானியம். இரண்டும் எதிரே நின்றபோது புறாக்கள் அநேகமாக எப்போதும் உடனடிக் கூலியையே பற்றின. பிறகு, அந்த நேரம் வருமுன்பே வேறொரு தேர்வு தரப்பட்டது. ஒரு பொத்தானைக் கொத்தினால் சற்று நேரத்தில் அந்த இரண்டு கூலிகளும் எதிரே வரும். மற்றதைக் கொத்தினால் பெரியது மட்டுமே வரும், சிறியதை எடுக்க வழியே இராது. இடைவெளி மிகக் குறுகியிருந்தவரை முதலாவதையே நாடின. அது 16 விநாடிவரை நீள நீள, விருப்பம் இரண்டாவதன் பக்கம் திரும்பியது.

புறாவின் பசி மாறவில்லை, தானியமும் மாறவில்லை. தூரம் ஒன்றே மாறியது. பக்கத்தில் நிற்கும் சிறிய இன்பம் பெரியதை மறைக்கிறது. தள்ளி நின்றால் இரண்டின் அளவும் தெரிகிறது. இரவில் பஜ்ருக்கு எழ உறுதியாக நிய்யத் வைப்பவனும், பாங்கு கேட்டும் போர்வையை இழுத்துக்கொள்பவனும் ஒரே மனிதன்தானே!

ஆகவே, சம்பளத்தை ஒப்படைத்தவன் தேர்ந்தெடுக்காதவன் அல்லன். கடைவாசலில் தேர்ந்தெடுக்க மறுத்து, தெளிவாகப் பார்க்க முடிந்த வேளையிலேயே தேர்ந்தெடுத்தவன். நஃப்ஸோடு நேருக்கு நேர் நின்று வென்றவன் உயர்ந்தவன் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தன் பலவீனத்தை அறிந்து முன்னேற்பாடு செய்தவனை அதற்காகக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

அப்படியானால் புறாவுக்கும் இந்தச் சிறப்பு உண்டா என்று கேட்கலாம். இல்லை. அந்த இரண்டாவது பொத்தானைப் புறா செய்யவில்லை. யாரோ செய்து அதன் முன் வைத்தார்கள். மனிதன் தனக்குரியதைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் ஆசை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே.