யாருடைய எண்ணை அழைப்பது?

நான் பொறுப்பேற்ற வகுப்பின் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவியின் பெயருக்கு எதிரிலும் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அந்தக் கட்டத்தின் தலைப்பு: 'தந்தை / பாதுகாவலர்'. மாணவியின் சொந்த எண்ணுக்கென்று கட்டம் எதுவும் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக வேலை பார்த்த நான்கு வருடங்களில் அந்தப் பதிவேட்டைத் தினமும் திறந்து மூடியிருக்கிறேன். அதில் ஒரு கட்டம் குறைகிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தின் வழியாகப் போனது. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கல்லூரி திறந்தபோது பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கணிதம் இரண்டாம் ஆண்டு படித்த ஒருத்தியும் வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு இருந்த அரை ஏக்கர் தென்னையில் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்று தோழிகள் சொன்னார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரியில் அவள் மதியத்துக்கு மேல் காணாமல் போக ஆரம்பித்தாள். பிறகு தொடர்ந்து மூன்று நாள் வரவே இல்லை. மூன்று நாள் வராத மாணவியின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போன் செய்ய வேண்டும் என்பது விதி. 'மாணவிகள் நலன் கருதி' என்றுதான் அந்தச் சுற்றறிக்கை தொடங்கும். நான் போன் செய்தேன்.

"காலையில ஏழரை பஸ்சுக்குக் கிளம்பிப் போறாளே மேடம்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப எங்க போறா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவராக ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார். மறுநாளும் அவள் வரவில்லை, அதன்பிறகு வரவே இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவள் வேலை பார்த்தாள் என்பதும், தேர்வுக் கட்டணத்துக்கும் தம்பியின் பள்ளிச் செலவுக்கும் சேர்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. வைகாசியில் கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

உடன் வேலை பார்த்தவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "நீங்க உங்க கடமையத்தான் செஞ்சீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அந்த 'ஏதாவது' என்ற சொல்லை நான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அவள் பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பது 'ஏதாவது' இல்லை. கட்டணம் கட்ட வழியில்லாமல் தேர்வை விடுவதும் இல்லை. இருபது வயதில் படிப்பை நிறுத்தி, அவளைக் கேட்காமலே கல்யாணம் செய்துவைப்பதும் அந்தக் கணக்கில் வராது. ஒரு பையனோடு பேருந்து நிலையத்தில் நின்றாள் என்றால் மட்டுமே 'ஏதாவது ஆகிவிட்டது'. நாங்கள் நலன் என்று எழுதியதெல்லாம் அந்த ஒன்றைத் தடுப்பதற்கான ஏற்பாடு. அவள் படிப்பு அந்த ஏற்பாட்டுக்குள் தற்செயலாக நடந்துகொண்டிருந்தது.

ஆகவே என் கேள்வி இதுதான்: ஒரு கல்லூரி யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறது? உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் மாணவிக்கா, அவளை அனுப்பி வைத்தவர்களுக்கா? இரண்டும் ஒன்றுதான் என்று நம்புவது எளிது. பெரும்பாலான நாட்களில் ஒன்றாகவே இருக்கவும் கூடும். ஆனால் இரண்டும் பிரிகிற நாளில்தான் அவளுக்கு நாம் தேவைப்படுகிறோம்.

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் ஆண்களோடு படிப்பதா என்றார்கள். அவருடைய தாய் தேவதாசி மரபில் வந்தவர் என்பதையும் காரணமாகக் காட்டினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுத்தார். பிறகு 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இந்தக் கதையை நாங்கள் பெருமையாகச் சொல்வோம், எப்போதும் ஒரு கதவு திறந்த கதையாக. கதவு திறந்ததோடு தீராத ஒன்று இருக்கிறது என்பதை நன்றாக அறிந்தவர் முத்துலட்சுமிதான். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் வாதாடிய அவர், அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறும் பெண்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் படிப்பும் வேண்டுமென்று அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். வெளியே வா என்று சொன்னால் போதாது, வந்தவள் எங்கே தங்குவாள் என்றும் யோசிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இடம் கொடுப்பதோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகிறது. மகளிர் விடுதி என்றால் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவது, வெளியே போக அப்பாவின் கையெழுத்து, பார்க்க வருபவர்களின் பட்டியல். ஆண்கள் விடுதியில் இதில் பாதிகூட இருக்காது. அக்கறை எங்கே முடிகிறது, காவல் எங்கே ஆரம்பிக்கிறது?

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் எந்தக் கல்லூரியிலிருந்தும் வந்ததல்ல. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். சுமார் ஒரு லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டியவர்களும் உண்டு. என் அம்மா அப்படிக் கற்றவர்களில் ஒருத்தி. பாவாடையில் கிரீஸ் கறையோடு முழங்கால் சிராய்ந்து வந்ததைச் சித்திமார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு அடுத்த ஊர் சந்தைக்குப் போக யாரும் துணைக்கு வரவில்லை. துணை தேவைப்படாதபடி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கே போகிறாய் என்று அறிவொளி கேட்கவில்லை. எழுதத் தெரியாதவளுக்கு எழுத்தைக் கொடு, போக முடியாதவளுக்குச் சக்கரத்தைக் கொடு, மீதியை அவள் பார்த்துக்கொள்வாள் என்பதுதான் அதன் நம்பிக்கை.

பிறகு நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் பகுதிநேரமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனேன். அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளைப் பார்த்து இங்கே தொடங்கிய ஏற்பாடு இது. 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் முதல் கல்லூரிகள் வந்தன. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பள்ளியை, கல்லூரியைப் பாதியில் விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி என்று குறுகிய காலப் படிப்பு. பத்தொன்பது வயதுப் பெண்ணும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் குழந்தையும் வகுப்புக்கு வரும்.

இதை நான் கோயிலாக்கவில்லை. பெண்களுக்கு என்று வரும்போது அங்கேயும் தையல், அழகுக்கலை, செவிலியர் உதவியாளர் என்று பழைய தடத்தில்தான் பாதி படிப்புகள் ஓடுகின்றன. அந்தச் சான்றிதழைப் பார்த்து முகம் சுளிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் நான் போன இடத்தில் ஒன்றைக் கண்டேன். சேர்க்கைப் படிவத்தில் முதல் எண் படிக்க வருபவளின் எண். அதற்குக் கீழே ஒரு வரி: 'உங்களுக்கு ஒரு சிக்கல் என்றால் நாங்கள் யாரை அழைக்க வேண்டும்?' அதை அவளே நிரப்ப வேண்டும். ஒருத்தி அம்மா பெயரை எழுதியிருந்தாள், ஒருத்தி பக்கத்து வீட்டு அக்காவை. ஒருத்தி 'யாரையும் வேண்டாம், என்னிடமே கேளுங்கள்' என்று எழுதியிருந்தாள். அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் விழும் பற்றாக்குறையை ஈடுகட்டினார்கள், பாடப் புத்தகத்துக்கு உதவினார்கள், பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் பயண அட்டை கொடுத்தார்கள், அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரை வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் அந்தத் திட்டத்தில் சுமார் 40 சதவீதம். திட்டத்தில் இடம் கிடைக்காத அதே போன்ற மாணவர்களில் சுமார் 22 சதவீதம். பிள்ளைகளின் மூளையோ மனஉறுதியோ மாறிவிடவில்லை. பேருந்துக் காசும், யோசித்துப் பேச ஓர் ஆளும் கிடைத்தார்கள். படிப்பை விட்டவளைப் பார்த்து 'அவளுக்கு அக்கறை இல்லை' என்று சொல்லும் முன் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மிடமும் இப்படிச் சில உண்டு. 2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் எங்கே போகிறாய் என்று கேட்பது சீட்டு கிழிக்க மட்டும்தான். 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அப்பாவின் கணக்குக்கு அல்ல. அந்த 1000 ரூபாய் நான்கு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பிள்ளை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பெற்றவர்களுக்குத் தெரிய உரிமை இல்லையா? ஒரு பெண் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால் அப்போதும் அவளிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பதா? இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் அழைக்கலாம், அழைக்க வேண்டும். பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்ததும் கல்விக் குறிப்புகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவளுக்கே மாறுகிறது என்று சொல்லும் அமெரிக்கச் சட்டத்திலும் அப்படிப்பட்ட அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் மூன்று நாள் வராமல் இருப்பது உயிராபத்து அல்ல. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடுகிறாள். யாருக்குப் போட்டாய் என்று அப்பாவிடம் போன் செய்து கேட்பதில்லை. அந்தத் தகப்பனையும் நான் குற்றம் சொல்லவில்லை. தென்னை போன வருடம் அது. பயந்த மனிதனின் கையில் ஒரு சந்தேகத்தைக் கொடுத்தது நான்தான். விதிப்படி கொடுத்தேன் என்பதால் அது என் செயல் இல்லை என்று ஆகிவிடாது. அவளைப் பற்றி அவளைத் தவிர எல்லோரிடமும் பேசிவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைத்தேன்.

போன வருடம் ஆலங்குடி போகும் டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே மிஸ்."

"உன் நம்பர் என்கிட்ட இல்லம்மா."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. இறங்கும்போது எண்ணைச் சொன்னாள், குறித்துக்கொண்டேன். சமுதாயக் கல்லூரியில் அடுத்த சேர்க்கை எப்போது என்று சொன்னேன். "யோசிச்சு சொல்றேன் மிஸ்" என்றாள்.

இரண்டு மாதம் பொறுத்தேன். அவளாகக் கூப்பிடட்டும் என்பது மரியாதையா, கைவிடுவதா என்று எனக்குள் ஒரு வழக்கே நடந்தது. கடைசியில் நானே அழைத்தேன். மணி நெடுநேரம் அடித்தது. புருஷன் எடுப்பாரோ, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

எடுத்தது அவள்தான்.