பால்குடமும் ஒரு நாய்க்குட்டியும்

ஓம் சரவணபவ!

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 'தி சீயிங் ஐ' என்றொரு அமைப்பு இருக்கிறது; அது தொடங்கியது 1929-இல். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கித் தருகிறார்கள். அங்குள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஏழெட்டு வாரக் குட்டியை வாங்கி, ஒரு வருஷத்துக்கும் மேல வளர்க்கிறாங்க. ராத்திரி எழுந்து வெளியே கூட்டிட்டுப் போகணும். பரீட்சை நேரத்துலயும் லீவு கிடையாது. பஸ், வகுப்பு, கூட்டம் எல்லாத்துக்கும் பழக்கணும். கடைசியில திருப்பிக் கொடுத்துடணும்!

"இவ்ளோ பாசம் வெச்சுட்டு எப்படிம்மா கொடுக்கிறாங்க?"ன்னு கேட்டேன். வில்லியனூர்ல பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறவங்க எங்கம்மா.

"தலையில சுமந்து வர்ற பால் நாம குடிக்கவாடா? சிந்தாம கொண்டுவந்து அவன்கிட்ட சேர்க்கிறோம், அவ்ளோதான்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ரெண்டு வருஷம் நான் எழுதின ப்ராஜெக்ட்டைப் போன மாசம் வேற டீமுக்குக் கொடுத்துட்டாங்க. அன்னையிலிருந்து முருகன்கிட்ட சண்டைதான். சுமக்கத்தான் கொடுத்தான், நான் சொந்தம்னு நினைச்சுட்டேன்.

பிள்ளை, வேலை, பதவி எல்லாமே குடத்துப் பால். சிந்தாமல் சுமப்போம். சன்னதி வந்ததும் சந்தோஷமா இறக்கி வைப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!