சிமெண்ட் மூட்டை இறங்கும் முன்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதித் தெருக்களில், பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதலில் தெருத் தாழ்வாரத்தின் ஓடுகளை இறக்குகிறார்கள். மரத்தூண்களைக் கழற்றிப் பழைய சாமான் வாங்குபவரிடம் விற்றுவிட்டுக் கான்கிரீட் தூண் நிறுத்துகிறார்கள். திண்ணையைக் கம்பிக் கதவு போட்டு அடைக்கிறார்கள். உப்புப் பூத்து உதிரும் சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். வேலை முடிந்த மறுநாளே பேச்சு தொடங்கிவிடும்: “வீட்டையே கெடுத்துட்டாங்க. தெருவோட லட்சணமே போச்சு.” அது வீட்டுக்காரர் காதிலும் விழும். “என் வீடு, என் காசு” என்பார் அவர்.

அவர் பக்கத்தை முதலில் கேட்பதுதான் முறை. இப்படிப்பட்ட வீடுகளில் பல, பங்காளிகள் பலருக்குச் சொந்தமானவை. ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பவர் ஒருவர், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஐந்தாறு பேர். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசி, ஒவ்வொரு பூச்சும் இறுகும் வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழை நெருங்கும்போது அந்தப் பொறுமை யாருக்கு வரும்? தெருவும் அந்த வீட்டுக்கு நல்லது செய்துவிடவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு உயர்த்தியதில், படியேறிப் போக வேண்டிய திண்ணை பல இடங்களில் சாலை மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் வாசலைத் தாண்டுகிறது. அந்த வீட்டுக்காரரைப் பார்த்து ‘ரசனை இல்லாதவர்’ என்று சொல்வது கொடுமை.

ஆனாலும் ‘என் வீடு’ என்ற பதில் இரண்டு இடங்களில் செல்லாது.

தாழ்வாரம் ஒன்று. வீட்டுக்கு வீடு தொடர்ந்து போய், தெருவில் நடப்பவருக்கு நிழல் கொடுப்பதற்காகவே அது வைக்கப்பட்டது. நடுவில் ஒரு வீடு அடைத்துக்கொண்டால் அந்த நிழல் அறுந்துபோகிறது. சித்திரை வெயிலில் பேரக்குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் கிழவி நடுத்தெருவில் இறங்கித்தான் போயாக வேண்டும். முன்னோர் பொதுவுக்கு விட்டுவைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

சுவர் இன்னொன்று. இத்தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, பக்கச் சுவர் பல இடங்களில் பொதுச் சுவர். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் மேலே ஏறும், அல்லது சிமெண்ட் பூசாத பக்கத்துக்குத் திரும்பும். கடலோர ஊரில் ஈரத்தோடு உப்பும் வரும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்கும். வெளியே சுவர் புதுசாகவே தெரியும். சில மழைக்காலம் கழித்துப் பெயிண்ட் கொப்புளிக்கும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும். சிமெண்ட் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகமும் சேர்ந்தே வரும். இதற்குள் அடுத்த வீட்டுக் கூடத்திலும் உப்புப் பூத்திருக்கும். இந்த இடத்தில் அண்டை வீட்டார் பேசுவது தலையீடு ஆகாது. அது அவர்கள் சுவரும்கூட.

கண்ணை மட்டும் உறுத்துவது வேறு கணக்கு. லண்டன் கென்சிங்டனில் 2015-இல் ஒரு வீட்டின் முகப்பு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள், வெள்ளையடிக்கச் சொல்லி நகராட்சி உத்தரவிட்டது. அந்த உத்தரவு 2017-இல் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக, நகராட்சி அந்த உத்தரவுக்கு ஆதாரமாகக் காட்டிய சட்டப்பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று முடிவாயிற்று. அறத்தின் கண்ணுக்கும் இது சரியாகவே படுகிறது. புதுச்சேரித் தெருவிலும், பிரான்சில் காலமெல்லாம் உழைத்துவிட்டுத் திரும்பியவர் தன் வாசலில் ஒட்டும் டைல்ஸில் ஒரு பெருமை இருக்கிறது. அதை இளக்காரமாகப் பார்ப்பவர்களின் பேச்சில் கட்டடக் கலை மீதுள்ள அக்கறையைவிட, ‘நேற்று வந்த பணம்’ என்ற எண்ணமே பல நேரம் முந்திக்கொள்கிறது.

இதையெல்லாம்விடக் கவனிக்க வேண்டியது பேச்சு எழும் நேரம். சிமெண்ட் மூட்டை லாரியிலிருந்து இறங்கும்போது தெருவே பார்க்கிறது. சாரம் கட்டுவதும் காரை கொத்துவதும் எல்லார் கண்முன்னும்தான் நடக்கின்றன. விஷயம் தெரிந்தவர் அப்போது வாய் திறப்பதில்லை. ‘நமக்கெதற்கு வம்பு’ என்று உள்ளே போய்விடுகிறார். பூச்சு காய்ந்த பிறகு அவர் சொல்லும் குறை வீட்டையும் காப்பாற்றாது, வீட்டுக்காரருக்கும் உதவாது, மனத்தைப் புண்படுத்த மட்டுமே பயன்படும். தெரியாமல் சிமெண்ட் பூசியவரைவிட, தெரிந்தும் பேசாமல் இருந்தவருக்கே இதில் பழி அதிகம்.

பேசுவதோடு கையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அதே ஊரின் வைசியாள் வீதி காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ திட்டத்தின் கீழ், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் வழிகாட்டுதலில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வரிசையாகப் பல வீடுகளின் முகப்புகள் பழைய முறையில் சீரமைக்கப்பட்டன. செலவில் வீட்டுக்காரர்களும் பங்கேற்றார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. பணம் இல்லாத அண்டை வீட்டாரும் செய்யக்கூடியது உண்டு: கொத்தனாரின் போன் நம்பர் கொடுக்கலாம், மானியத்துக்கு மனு எழுத உதவலாம், மரத்தூணை விற்காமல் ஓரிரு மாதம் தன் கொல்லையில் போட்டுவைக்க இடம் தரலாம்.

எல்லாம் சொல்லியும் கேட்காதவர் இருப்பார். பொதுச் சுவர் என்றால் விடக்கூடாது. பெரியவர்களை வைத்துப் பேசலாம், முடியாவிட்டால் நகராட்சிக்குப் போகலாம். நிறமும் டைல்ஸும் என்றால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். இந்தப் பேச்சைத் தொடங்க மிகப் பொருத்தமானவர் சில வருடம் முன்பு தாமே சிமெண்ட் பூசியவர். தம் கூடத்துக்கு அழைத்துப்போய், சோபாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கும் உப்புச் சுவரைக் காட்ட அவருக்குக் கூச்சமாக இருக்கும். காட்டினால், அடுத்த வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் இன்னொரு முறை பேசிப் பார்ப்பார்.