நிற்கும்போது நேர்

தமிழில் நேர்மை என்ற சொல் நேர் என்பதன் மேல் கட்டப்பட்டிருக்கிறது. கோணல் புத்தி, வளைந்துகொடுப்பவர், நேர்வழி என்று ஒழுக்கம் பற்றிய நம் வார்த்தைகளில் பல, கோட்டின் குணங்களை மனிதன் மேல் ஏற்றிச் சொல்பவை. ஆனால் கோடு காகிதத்தில் அசையாமல் கிடக்கிறது. மனிதன் கிடப்பதில்லை, பாரம் சுமந்துகொண்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறான். கிடக்கும் பொருளின் குணத்தைப் போகும் பொருளுக்கு அளவாக வைப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதற்கு ஸ்தூலமான ஓர் உருவம் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் கிடைத்தது.

நண்பர் ஒருவரிடம் பழைய டாட்டா சுமோ இருக்கிறது. 1994இல் வந்து 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மலைக்கும் இந்தப் பக்கத்தில் ஒருகாலத்தில் அதுதான் போயிற்று. நண்பர் குடும்பத்தோடு அடிக்கடி வால்பாறை போகிறவர். ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். கொஞ்ச நாளாக வண்டி சாலையில் அலைய ஆரம்பித்திருந்தது. கம்ப்யூட்டர் வைத்த ஒரு கடையில் வீல் அலைன்மெண்ட் பார்த்தார். எல்லா எண்ணும் பச்சையில் வந்தது. அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். வண்டி அலைவது நிற்கவில்லை.

பட்டறைக்காரர் அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை. உதவியாளை ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, தான் அடியில் படுத்து டை ராடின் முனையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு என்னையும் கூப்பிட்டார். "கைய வெச்சுப் பாருங்க சார். ராடு நகருது, சக்கரம் நகர மாட்டேங்குது. நடுவுல அந்த ஆட்டம் இருக்குதில்லீங்க, அதான் ரோட்டுல அலையறது."

டை ராடு ஸ்டியரிங்கின் அசைவை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி. அதன் முனையில் கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு குண்டு, நம் இடுப்பு மூட்டு மாதிரி. மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் மண்ணும் நீரும் புகுந்து, கிரீஸ் போய், குண்டு தேய்கிறது. அதன்பின் ஸ்டியரிங் ஒன்று சொல்கிறது, சக்கரம் சற்றுத் தாமதித்து வேறொன்று செய்கிறது. மிகவும் தேய்ந்தால் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். அப்போது அந்தச் சக்கரம் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. முப்பதாவது வளைவில் அது கழன்றால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அலைன்மெண்ட் கடைக்காரர் பொய் சொன்னாரா? நண்பர் ஆமாம் என்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை. கருவி அளந்தது நிற்கும் வண்டியை. நிற்கும்போது தேய்ந்த மூட்டும் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்துதான் இருக்கும். அந்த இடத்தில் எண் சரியாக வந்துவிடலாம். தாளில் இருந்த எண் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் நண்பர் கேட்டது வண்டி நேராக ஓடுமா என்று. கடைக்காரர் பதில் சொன்னது வண்டி நேராக நிற்கிறதா என்ற கேள்விக்கு. இப்படி வேறொரு கேள்விக்கு உண்மையான பதிலைத் தருவதை நான் பொய்க்கும் கீழாகவே வைப்பேன். பொய் சொல்பவனுக்கு உண்மையோடு ஒரு கணக்காவது பாக்கி இருக்கிறது. இங்கே அந்தப் பாக்கியும் தீர்ந்துவிடுகிறது, கையில் ரசீதோடு. நான் வேலை பார்க்கும் இடத்தில் மாலையில் கல்லாவும் கணக்கும் ஒத்துவந்தாக வேண்டும், வருகிறது. கொடுத்த கடன் திரும்புமா என்பது பற்றி அந்த ஒத்துவருதல் ஒன்றும் சொல்வதில்லை.

அலைன்மெண்ட் விஷயத்தில் இன்னொரு விநோதம். மூட்டெல்லாம் புதிதாக இருந்தாலும் இந்த மாதிரி வண்டியின் முன்சக்கரங்களை இணையாக வைக்கமாட்டார்கள். முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி லேசாகச் சாய்ந்து நிற்கும். பின்சக்கரம் தள்ளி ஓடும் வண்டியில், சாலையின் எதிர்ப்பு முன்சக்கரங்களை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். அந்த விரிவைக் கணக்கிட்டுத்தான் முதலிலேயே உள்நோக்கி வைப்பது. ஓடும்போது நேராக இருப்பதற்காக நிற்கும்போது கோணலாக இருக்கிறது. அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய ஒழுக்கவியலின் இரண்டாம் புத்தகத்தில், வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்கள் அதை எதிர்ப்பக்கம் வளைப்பதை உதாரணம் காட்டுகிறார். அது திருத்தம், ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்வது. இது அப்படியல்ல, இனி வரப்போகும் பாரத்தை அறிந்து செய்வது. 279ஆம் குறளில் வள்ளுவர் நேரான அம்பைக் கொடியது என்றும் வளைந்த யாழை நல்லது என்றும் சொல்லி, செயலை வைத்து மதிப்பிடச் சொல்கிறார். அவரும் கோட்டின் மேல் பெரிய நம்பிக்கை வைத்தவரல்லர் என்று தெரிகிறது.

இதை எழுதுகிறவர்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் சிறிய வட்டத்தில் ஒரு விமர்சகரைத் தாக்கச் சுலபமான வழி, அன்று அவரைப் பற்றி அப்படி எழுதினாய், இன்று இவரைப் பற்றி இப்படி எழுதுகிறாய், உன் அளவுகோல் எங்கே என்பது. வளைவில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று வழுக்கித் தேயும். உள்சக்கரம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்பியாக வேண்டும். ம்யூனிக்கில் கோச்சு வண்டி செய்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவரின் யோசனை இது. 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஏஜெண்டு ஆக்கர்மான் பெயரில்தான் இன்றும் வழங்குகிறது. (இலக்கியத்திலும் இப்படி நடப்பதுண்டு.) கோணங்கள் வேறானாலும், வளைவில் எல்லாச் சக்கரங்களும் சுற்றுவது ஒரே மையத்தை, அது பின்அச்சின் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. ஆகவே கேட்கவேண்டியது கோணங்கள் ஒன்றா என்றல்ல, மையம் ஒன்றா என்று. இதைச் சௌகரியமாகப் பிடித்துக்கொண்டு கண்டபடி திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மையத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். டயரைப் பார்த்தாலும் தெரிந்துவிடும், ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும்.

பட்டறைக்காரர் பழைய முனை எத்தனை சுற்றில் கழன்று வந்தது என்று எண்ணிக்கொண்டு, புதியதை அத்தனை சுற்றே ஏற்றினார். அது தோராயம்தான், பிறகு அலைன்மெண்ட் பார்த்தே ஆகவேண்டும் என்று அவரே சொன்னார். நட்டை இறுக்கியபின் அதன் வெட்டும் போல்ட்டின் துளையும் ஒத்துவரவில்லை. கால் சுற்றுத் தளர்த்தினால் ஸ்ப்ளிட் பின் சுலபமாக உள்ளே போய்விடும். அவர் தளர்த்தவில்லை, மேலும் இறுக்கித்தான் துளையைக் கொண்டுவந்தார். பழைய பின்னை நிமிர்த்திப் போடாமல் புதிதாக ஒன்று எடுத்தார். வண்டிக்காரர் குனிந்து பார்க்கப்போவதில்லை. நான் அங்கே இல்லாவிட்டாலும் அப்படியே செய்திருப்பார் என்று நம்புகிறேன்; நிரூபிக்க வழியில்லை. ஒழுக்கம் பற்றிய பேச்சு முழுவதும் இந்த நிரூபிக்க முடியாத இடத்தைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பக்கமும் மாற்றி, வேறொரு கடையில் அலைன்மெண்ட் வைத்து, நண்பர் பொள்ளாச்சி சாலையில் ஓட்டிப் பார்த்தார். வண்டி முன்னைவிட மோசமாகிவிட்டது என்று போன் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து போனதில் எனக்குக் காரணம் புரிந்தது. அலையும் வண்டியை நேராக வைக்க அவர் கைகள் இத்தனை நாளும் ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கின்றன. அவற்றில் பாதியைப் பழைய மூட்டின் ஆட்டம் விழுங்கிவிட்டிருந்தது. இப்போது வண்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது. கையைச் சும்மா வையுங்கள் என்றேன். சும்மாதான் வைத்திருக்கிறேன் என்றார், திருப்பிக்கொண்டே.