தனிக் கோப்பை

வெசாக் விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்துவர, நான்கு வயது மகளுடன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெரியம்மா வீட்டுக்குச் சென்றிருந்தோம். மாம்பழமும் கிணற்றடிக் குளிப்புமாய்க் குழந்தைக்குப் பெருங் கொண்டாட்டம்.

மறுநாள் விறகு கொத்த வந்த முதியவருக்குப் பெரியம்மா தேநீர் கொடுத்தார். எமக்குக் கண்ணாடிக் குவளை. அவருக்கு, வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பை. "அந்தத் தாத்தாவுக்கு மட்டும் ஏன் வேற கப்?" என மகள் உரக்கக் கேட்டாள். நாம் அவள் வாயைப் பொத்தினோம்.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைக் கதவுகள் போராட்டத்தினாலேயே திறந்தன. இவற்றை வகுப்பறையிற் கற்பிப்போரும் நாமே. ஆனால், அடுக்களைக்குள் எந்தச் சட்டமும் எட்டுவதில்லை, உறவினரே எட்டக்கூடியவர்.

பெரியம்மா எம்மைத் தூக்கி வளர்த்தவர், அன்பிற் குறைவற்றவர். சிக்கலும் அதுவே. அவர் மனம் நோகலாகாதென்று அஞ்சினோம். கோப்பையுடன் முற்றத்தில் நின்றவரின் மனமோ எமது கணக்கில் வரவேயில்லை. இதனை மரியாதை என்பதா, கோழைத்தனம் என்பதா? குழந்தை அன்று கற்றது எதுவென்பதில் எமக்கு ஐயமில்லை. அதன்பின் அவள் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

தைப்பொங்கலுக்கும் வரச் சொல்லியிருக்கிறார். போவதற்கு முன் அவரிடம் இதைப் பேசியாக வேண்டும்.