மகரக்கட்டு உடைந்த பின்

கலை மக்களுக்காகவே என்று நாம் சொல்லி வருகிறோம். அம்மக்களுள் அக்கலையைப் படைப்பவனும் ஒருவன் என்பதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். படைப்பவன் பத்து வயதுச் சிறுவனாயின் இம்மறதி இன்னும் எளிதாகிறது.

இங்கிலாந்தின் பேராலயங்களில் மாலை ஆராதனையைக் கேட்டவர்கள் அங்கு பாடும் சிறுவர்களின் குரலை மறப்பதில்லை. அக்குரலுக்குப் பின்னால் ஒரு வேலைநாள் இருக்கிறது. இலண்டன் சென் போல்ஸ் போன்ற பேராலயங்களிலே எட்டு வயதளவில் தேர்ந்தெடுக்கப்படும் சிறுவன் விடுதியிலேயே தங்குகிறான். காலையில் வகுப்புத் தொடங்குமுன் இசைப் பயிற்சி. பின்னர் ஏனைய மாணவரைப் போலக் கணிதமும் மொழியும். இடையே வாத்தியப் பயிற்சி. மாலையில் மீண்டும் ஒத்திகை. அங்கி அணிந்து ஆராதனை. மற்றப் பிள்ளைகள் வீட்டில் மகிழ்ந்திருக்கும் நத்தார் தினத்திலும் அவன் பாடிக்கொண்டிருக்கிறான். பதின்மூன்று வயதளவில், நம் நாடக மேடையினர் சொல்வது போல, மகரக்கட்டு உடைகிறது. அவன் நின்ற இடத்தில் இன்னொரு சிறுவன் வந்து நிற்கிறான்.

இது கல்வியா, உழைப்பா? இரண்டுமே என்பதுதான் நேர்மையான விடை. தேர்ந்த இசைஞரோடு நாள்தோறும் பாடிப் பெறும் பயிற்சி எல்லோர்க்கும் வாய்ப்பதன்று; அச்சிறுவன் அடையும் மகிழ்ச்சியும் பொய்யன்று. ஆயினும், தான் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறான் என்பதை எட்டு வயதுப் பிள்ளை அறியான். அதன் நியாயத்தை அளக்கும் பொறுப்புப் பெரியவர்களுடையது. எந்தக் கோலால் அளப்பது?

வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன், 1740 இல், வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவிற்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாடினான். குரல் உடைந்ததும், 1749 இல், தங்க இடமின்றி வெளியேற்றப்பட்டான். அவன் பின்னாளில் இசைமேதை ஜோசப் ஹைடன் ஆனமையால் அக்கதையை நாம் அறிவோம். ஹைடன் ஆகாதவர்கள் எங்கே போயினர்?

இலண்டனில் இக்கேள்வியை எழுப்பியவர் மரியா ஹக்கெற் என்ற பெண்மணி. தம் உறவுச் சிறுவன் ஒருவன் சென் போல்ஸ் பாடகர் குழுவிற் சேர்ந்தபோது அங்குள்ள நிலையை அவர் கண்டார். பிள்ளைகளின் பராமரிப்புக்கென முன்னோர் விட்ட மானியங்கள் ஏட்டில் இருந்தன. பிள்ளைகளோ போதிய கல்வியின்றி இரவுக் கச்சேரிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டனர். 1811 முதல் அவர் திருச்சபைத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார், நீதிமன்றம் ஏறினார், ஏனைய பேராலயங்களுக்கும் சென்று விசாரித்தார். 1874 இல் இறக்கும் வரை ஓயவில்லை. பழைய சாசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையைக் கேட்டாரேயன்றி, அவர் யாரிடமும் தருமம் கேட்கவில்லை.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று சிலர் சொல்லக்கூடும். ஜெர்மனியின் றேகன்ஸ்பேர்க் பேராலயப் பாடகர் குழு பற்றிய விசாரணை அறிக்கை 2017 இல் வெளியாயிற்று. 1945 முதல் 1990களின் தொடக்கம் வரை 547 சிறுவர்கள் அங்கே வன்கொடுமைக்கு ஆளாகியிருக்கின்றனர் என்று அது கண்டது. அவ்வாண்டுகளிலெல்லாம் அக்குழுவின் புகழ் குன்றவேயில்லை. பாட்டின் இனிமையை மட்டும் கேட்டு, பாடும் பிள்ளையின் வாழ்வை அறிய முடியாது.

பாட்டை நிறுத்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒரு பிள்ளையின் திறமையால் புகழ் பெறும் எந்த நிறுவனத்தையும் பார்த்து நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். நோகும்போது அப்பிள்ளை வாய்திறந்து சொல்ல, நிறுவனத்துக்கு வெளியே ஒருவர் இருக்கிறாரா? குரல் உடைந்த மறுநாள் அவன் கையில் என்ன இருக்கிறது? இவ்விரண்டுக்கும் நாணாமல் விடை சொல்லக்கூடியவர்களே அப்பாட்டைக் கேட்டு மகிழும் தகுதி உடையவர்கள்.